ஆரு ஊட்டு ஆளு

அக்காவுக்கு ஒரு கேள்வி இருந்தது. எதிரில் நிற்பவர் தாலுகா ஆபீஸ் ஜீப்பில் வந்தவரானாலும் சரி, பலாப்பழ லாரியில் வந்தவரானாலும் சரி, அதைக் கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு.

“நீங்க ஆரு ஊட்டு ஆளுங்க?”

மெழுகுச் சிலைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடமும் கேட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல், ஒரு காலில் மட்டும் கழற்றிவிட்டு நின்றிருந்தேன். அக்கா கையில் ஒரு பருத்தித் துணி, தோளில் இன்னொரு துணி. திண்ணனூர் நாடு என்றேன். எங்கள் கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு.

“நாட்ட ஆரு கேட்டா? ஊட்டக் கேட்டேன்.”

அப்பா பெயரைச் சொன்னேன்.

“மொளகு பறிக்கறப்ப மரத்துல இருந்து உழுந்தாரே, அவரு பையனா?”

“ஆமாங்க.”

“உங்க பெரியம்மாளக் கட்டிக் குடுத்தது எங்க திருப்புலி நாட்டுலதான். அப்ப நீ எனக்குத் தம்பி முறை. செருப்பப் போட்டுக்க சாமி. இது கோயில் இல்ல.”

அத்தோடு உறவு முடிவாகிவிட்டது. அதன் பிறகு எனக்கு அவர் அக்கா. எனக்கு மட்டுமில்லை, டிக்கெட் கொடுக்கிறவருக்கு, வாட்ச்மேனுக்கு, அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளிக்கும் அக்காதான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இப்போது அவர் மலையில் இல்லை. மகளுக்கு நாமக்கல்லில் வேலை கிடைத்ததும் அவளோடு போய்விட்டார். அங்கே தெருவில் எத்தனை பேரை இந்தக் கேள்வி கேட்டு மடக்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோளக்காடு என்கிற சந்தை ஊருக்குக் கொஞ்சம் முந்தி, முன்பு மரவள்ளிக் கிழங்கு மூட்டை அடுக்கி வைத்திருந்த கிடங்கு அது. கீழேயிருந்து வந்த முதலாளி அதை வாங்கிக் குளிர் விளக்குப் போட்டு, சிவப்புக் கம்பளம் விரித்து, முப்பத்தொன்பது சிலைகளை நிறுத்தினார். சினிமாக்காரர்கள், தலைவர்கள், கிரிக்கெட் வீரர் ஒருவர், விஞ்ஞானி ஒருவர், வயதான பாடகி ஒருவர். தலையும் கையும் மட்டும்தான் மெழுகு, மற்றதெல்லாம் பைபர். சும்மா பார்த்துவிட்டுப் போகிற இடமில்லை இது என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். பாடகிக்குப் பக்கத்தில் ஒரு மைக் இருக்கும், நாமும் கூடப் பாடலாம். கிரிக்கெட் வீரருக்கு எதிரில் மட்டையைப் பிடித்து நின்றால் திரையிலிருந்து பந்து வரும். வழி தப்ப வைக்கிற கண்ணாடி அறை உண்டு. குலுங்குகிற நாற்காலி உண்டு.

எல்லாவற்றுக்கும் கடைசியில் நான். என்னிடம் இரண்டு தொட்டிகள். ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் இளஞ்சூட்டில் மெழுகு. வந்தவர் கையை மாறி மாறி முக்கி எடுத்தால் ஐந்தாறு முறையில் தோலுக்கு மேல் உறை போலப் படிந்துவிடும். அதை உடையாமல் உருவிக் கொடுக்க வேண்டியது என் வேலை. தங்கள் கையைத் தாங்களே காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவார்கள்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா இடுப்பு ஒடிந்து படுத்தபோது நின்றது, பிறகு போகவில்லை. அதனாலோ என்னவோ, நான் செய்கிறது எதுவும் சரியாக இருக்காது என்கிற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. மெழுகின் சூடு பார்க்கக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை நம்பாமல் விரலை விட்டுப் பார்ப்பேன். விரலை நம்பாமல் மறுபடி கருவியைப் பார்ப்பேன். வீட்டுக்குப் போய்ப் பாதிச் சோற்றில், சுவிட்சை அணைத்தோமா என்று கை நின்றுவிடும். அணைத்துத்தான் இருப்பேன். ஒருநாளும் அணைக்காமல் வந்ததில்லை. அது தெரிந்தும் கை நிற்கும்.

ஒருநாள் அக்கா என் தொட்டிக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, நான் சூடு பார்க்கிறதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி, இந்தப் பயம் ஆரு ஊட்டுது?”

“என்னக்கா?”

“உன்னுதா, உங்கப்பனுதா? நீ எந்த மரத்துல இருந்து உழுந்த?”

நான் மரமே ஏறியதில்லை என்றேன். அம்மா ஏற விடவில்லை.

“அப்பறம் என்ன. அடுத்தவிங்க சாமானத் தூக்கிட்டுத் திரியற. எறக்கி வெச்சுட்டு ஒரு டீத்தண்ணி குடி.”

இறக்கி வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டீ குடித்தேன். அதற்குப் பிறகு சூடு பார்க்கிறது மூன்று முறையோடு நின்றது.

அக்காவின் வேலை சிலைகளைத் துடைப்பது. கேட்கச் சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். எங்கள் மலையில் மழைக்காலத்தில் மஞ்சு, அதுதான் மூடுபனி, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். மெழுகு முகங்களில் முத்து முத்தாக ஈரம் பூக்கும். அப்படியே விட்டால் புருவத்தில் பூஞ்சை பிடிக்கும். அக்கா ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே துடைப்பார். “தலைய இந்தப் பக்கம் காட்டுங்க. என்ன இப்படி வேர்க்குது உங்களுக்கு. மேடையில பேசிப் பேசிப் பழக்கமா.”

சிலைகளுக்கும் அந்தக் கேள்வி உண்டு. பலகையில் பெயரும் தொழிலும்தான் போட்டிருக்கும், அது அக்காவுக்குப் போதாது. வருகிறவர்களிடம் விசாரித்து விசாரித்து, இந்த நடிகருக்கு அம்மா மட்டும்தான், அந்தத் தலைவர் ஏழு பேரோடு பிறந்தவர், பாடகியை வளர்த்தது அவருடைய அத்தை என்று எல்லோருடைய வீட்டையும் தெரிந்து வைத்திருந்தார். ஒரு நடிகைக்குப் புடவை கட்டியிருந்த லட்சணம் பிடிக்காமல், கொசுவத்தைப் பிரித்து மறுபடி கட்டிவிட்டார். “மூணு அண்ணனுங்க இருக்கறாங்களாம். தங்கச்சி இப்படி நிக்கறத ஒருத்தனாச்சும் வந்து பாத்தானா?”

கிரிக்கெட் வீரர் சிலை மட்டும் அவரைப் போல இல்லை. செய்தவர் சரியாகச் செய்யவில்லை. வருகிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அக்கா விட்டுக் கொடுக்க மாட்டார்.

“அவிங்கம்மா சாயலுங்க” என்பார்.

இந்தக் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. எடுத்துக்கொள்ளத்தானே செய்வார்கள். யார் வீட்டு ஆள் என்று கேட்டால் கீழே அதற்கு வேறு அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் ஒருவர், கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலை பார்க்க வந்தார். அக்கா வழக்கம்போலக் கேட்டார். அந்த அம்மாவுக்கு முகம் இறுகிவிட்டது.

“எதுக்குக் கேக்கறீங்க? என்ன ஆளுன்னு தெரிஞ்சாத்தான் உள்ள விடுவீங்களா?”

சண்டை வந்துவிடும், முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று நான் தொட்டியை விட்டு எழுந்தே விட்டேன். அக்கா துணியை மடித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்.

“ஐயோ, அதுக்கில்லீங்க. இங்க மஞ்சு எறங்குச்சுன்னா தடம் தெரியாதுங்க. பொழுதுக்குள்ள நீங்க ஊடு வந்து சேரலீன்னா ஆரு தேடுவாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கோணுமில்லீங்க. அதுக்கோசரம் கேட்டேன்.”

நர்ஸ் கையிலிருந்த டிக்கெட்டை மடித்தார். பிறகு, “தேட ஆளில்லைங்க. தனியாத்தான் ரூம் எடுத்திருக்கேன்” என்றார்.

“செரி, அப்ப நானு தேடறேன்.”

சொன்னதோடு விடவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் நர்ஸ் அறை ஜன்னலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் போவார். அந்த அம்மா மாற்றலாகிப் போகிறவரை, மழை பெய்த நாள்களிலும்.

இப்படிப்பட்ட அக்காவிடம்தான் அந்த நாற்பதாவது சிலை வந்து சேர்ந்தது.

ஆடிக் கூட்டத்துக்கு மலையில் வண்டி நிற்க இடம் இருக்காது. அதை நம்பி முதலாளி புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். வேனில் சாக்குச் சுற்றி வந்தது. நாங்கள் நாலு பேர் இறக்கினோம். சாக்கைப் பிரித்தால், கறுத்த ஆள் ஒருவன். இடுப்பில் இலைதழை. கழுத்தில் எலும்பு மாலை. கன்னத்தில் வெள்ளைக் கோடுகள். ஒரு கையில் ஈட்டி. வாய் ஆவென்று திறந்து, பல்லெல்லாம் தெரிந்தது. காலடியில் ஒரு பொத்தான். அழுத்தினால் கொட்டுச் சத்தமும் “ஹூ ஹூ ஹூ” என்கிற கத்தலும் வரும். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய இறகுத் தொப்பி, பிளாஸ்டிக் இலைப் பாவாடை. வந்தவர்கள் போட்டுக்கொண்டு, கூட நின்று கத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் பலகையைப் படித்தேன்.

‘கொல்லிமலைக் காட்டுவாசி’ என்று போட்டிருந்தது.

அக்கா சிலையைச் சுற்றி ஒருமுறை வந்தார். முதலாளி பக்கத்தில் நின்று எப்படி என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவரு ஆரு ஊட்டு ஆளுங்க?”

முதலாளி சிரித்தார். “யாரும் இல்லக்கா. சும்மா, பொதுவாச் செஞ்சது.”

“மத்தவிங்க முப்பத்தொம்பது பேருக்கும் அப்பன் ஆயி இருக்கறாங்க. இவருக்கு மட்டும் பொதுவுங்களா?”

“ஜனங்க இததானே எதிர்பார்க்கறாங்க. மலைக்கு வந்தா மலை மாதிரி ஒண்ணு வேணுமில்ல.”

“எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலயும் வேட்டிதானுங்க கட்டுனாங்க. தலைக்கு உருமாலு கட்டுவாங்க. இந்தத் தழைய ஆட்டுக்குத்தான் போடுவோம்.”

முதலாளி கெட்டவர் இல்லை. என் அப்பாவுக்கு இடுப்பில் போட எண்ணெய் கொடுத்து விடுகிற மனிதர். ஆனால் காதில் வாங்கவில்லை. “நீங்க நல்லாத் துடைச்சு மட்டும் வைங்கக்கா” என்று சொல்லிவிட்டு, போனில் யாருடனோ பேசிக்கொண்டே வெளியே போனார்.

அக்கா துடைத்தார். மற்ற சிலைகளைப் போலவே, காது மடல்வரை துடைத்தார். அந்தப் பொத்தானை மட்டும் அவர் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஆடி பிறக்கும் முன்பே வந்த கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது. நாள் முழுக்க ஹூ ஹூ என்று சத்தம். என் தொட்டியில் கையை முக்குகிறவர்கள்கூட அந்தத் தொப்பியோடு வந்து நின்றார்கள். கீழேயிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் அக்காவைக் கூப்பிட்டு, “ஏம்மா, இந்த மாதிரி ஆளுங்க இன்னும் மலைல இருக்காங்களா? எங்க போனாப் பாக்கலாம்?” என்று கேட்டார்.

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறீங்க” என்றார் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் மனைவிக்குப் புரிந்தது போல, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மிளகு வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்து, “என்னப்பா, உங்க மாமனுக்குச் சிலை வெச்சிருக்காங்களாமே. தழையெல்லாம் புதுசா பழசா?” என்று கேட்டுவிட்டு, வாயில் கையை வைத்து ஹூ என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகம் ஆகுமே என்று சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காது சுட்டது.

திங்கட்கிழமை முதலாளி ஒரு செய்தி சொன்னார். புதன்கிழமை போட்டோக்காரர் வருகிறார். அந்தச் சிலையைப் படம் எடுத்து, ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு பெரிதாக அச்சடித்து, மலையடிவாரத்தில் ரோட்டோரம் வைக்கப்போகிறார்கள். ஏறுகிற வண்டி, இறங்குகிற வண்டி எல்லாவற்றுக்கும் தெரிகிற மாதிரி.

செவ்வாய்க்கிழமை கூடத்துக்கு விடுமுறை. துடைப்பதற்காகச் சாவி அக்காவிடம் இருக்கும். என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனால், ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு.

“இடுப்பப் புடிச்சுக்க” என்றார்.

வாசல் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பிடித்தேன். தழையை அவிழ்த்தோம். எலும்பு மாலையைக் கழற்றினோம். வேட்டி கட்டி, சட்டையை மாட்டி, துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டினார். ஈட்டியை உருவினால் கை வெறும் முட்டியாக நின்றது, யாரையோ குத்தப் போகிற மாதிரி. அக்கா யோசித்தார். மூலையில் சாத்தியிருந்த தன் கறுப்புக் குடையை எடுத்துச் செருகினார். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. கன்னத்துக் கோடுகள் ஈரத்துணியில் போய்விட்டன.

வாய் மட்டும் மிச்சம். வேட்டி சட்டையோடு, குடையோடு, அந்தப் பல் இன்னும் பயங்கரமாக இருந்தது.

“இது உன்ற வேலை தம்பி” என்றார் அக்கா.

“என்னால ஆவாதுக்கா. அந்தத் தலை ஒண்ணு செய்ய எத்தன செலவுன்னு தெரியுமா? கெட்டுப்போச்சுன்னா? வேலை போயிரும்.”

“போவட்டும். நானும் கூடவே வாரேன்.”

“உங்களுக்கு ஊட்டுக்காரர் சம்பாதிக்கறாரு. என்ற ஊட்ல அப்பா படுத்திருக்கறாரு.”

அக்கா கோபப்படவில்லை. என் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்த வாயைப் பார்த்தார்.

“எங்க பாப்பா தெனமும் காலேஜுக்குக் கீழ போவுது. நாளைக்கு அந்தப் போட்டோ எடுத்துட்டாங்கன்னா, அவ பஸ்ஸு அதத் தாண்டித்தான் போவோணும், தாண்டித்தான் வரோணும். கூட உக்காந்திருக்கற புள்ளைங்க ஒருக்கா அதப் பாக்கும், ஒருக்கா இவளப் பாக்கும். அவ பஸ்ஸுல தலையக் குனிஞ்சுக்குவா. குனிஞ்ச தலைய நான் எந்தத் துணியில தொடைக்கறது?”

நான் சுவிட்சைப் போட்டேன்.

மெழுகு வெள்ளை, முகம் கறுப்பு. நிறம் சேரவேண்டும். பின்பக்கத்து மேட்டில் செம்மண் எடுத்துத் துணியில் சலித்தேன். விளக்குக் கரி வழித்தேன். இரண்டையும் உருகிய மெழுகில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். எந்த நிறம் சரி என்று தெரியவில்லை. அக்கா முழங்கைவரை சேலையை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினார். அந்தக் கையில் ஒரு சொட்டு வைப்பேன், வெளிச்சத்தில் பார்ப்பேன், கரி கூடியிருக்கும், மண் சேர்ப்பேன். சொட்டு எது தோல் எது என்று தெரியாமல் போகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.

பிறகு கரண்டிக் காம்பைச் சூடுபண்ணி, பல்லின் மேல் படலம் படலமாக மெழுகை வைத்தேன். ஒன்று ஆறிய பிறகு அடுத்தது. உதடு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. மேலுதடு நடுவில் சின்னக் குழி. ஓரத்தில் ஒரு மடிப்பு. காலையில் ஆரம்பித்தது, வெயில் மேற்கே சாய்ந்தபோது வாய் மூடியது. இடதுபக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதைச் சரிபண்ணக் கையைக் கொண்டுபோனேன்.

“வுடு” என்றார் அக்கா. “இப்பத்தான் என்னவோ சொல்ல வாராப்ல இருக்குது.”

விட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்ததை மறுபடி சரிபார்க்காமல் கையைக் கழுவினேன்.

பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கிளம்பினோம். அக்கா சோளக்காட்டுச் சந்தையிலும், பஸ்ஸிலும் யார் யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். நான் பயத்தில் எதையும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வரிசை நின்றது. எல்லோரும் மலைக்காரர்கள். கூடம் திறந்த நாளிலிருந்து எங்கள் ஆள்கள் ஒருவர்கூட டிக்கெட் எடுத்து உள்ளே வந்ததில்லை. சாமைக்குக் களை பறித்த கையோடு வந்தவர்கள், குழந்தையைத் தூக்கி வந்தவர்கள். முதலாளி காரை நிறுத்திவிட்டு, போட்டோக்காரரோடு வரிசையைத் தாண்டி உள்ளே வந்தார். சிலையைச் சுற்றி ஒரே பேச்சு.

“இது எங்க சின்ன மாமனாட்டமே இருக்குது” என்றார் திருப்புலி நாட்டுக்காரர் ஒருவர்.

“மூக்கப் பாருங்க நல்லா. எங்க பெரியப்பன் மூக்கு” என்றது எங்கள் பக்கத்துப் பெண் ஒன்று.

“உங்க பெரியப்பன் என்னைக்கு வெள்ளச் சட்டை போட்டாரு?”

“கலியாணத்துக்குப் போட்டாரு. நீதான் பந்திக்கு மட்டும் வந்த, அவரப் பாத்தியா?”

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வேட்டியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

“யாரு பண்ணினது இத?”

“நாந்தாங்க” என்றார் அக்கா.

“வாயையுமா?”

“ஆமாங்க. எல்லாம் நாந்தான். தம்பிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது பயந்த புள்ள, அதுனால இதெல்லாம் ஆவாது.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அத்தனை சொட்டு, அத்தனை படலம். அந்த மேலுதட்டுக் குழி. அது வேறொருவர் வேலை என்று நூறு பேருக்கு முன்னால் ஆகிறதே.

“வாய் நான் வெச்சதுங்க” என்றேன்.

என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சிலையின் முகத்துக்கு அருகில் குனிந்து, உதட்டின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தடவினார்.

“சேத்த இடம் தெரியலையே. நிறம் எதுல கலந்த?”

“செம்மண்ணுங்க. வெளக்குக் கரி.”

“இதச் செஞ்ச ஆளே இவ்வளவு நல்லா வெக்கல” என்றார், யாரிடமோ சொல்வது போல.

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை பொத்தானை மிதித்துவிட்டது. உருமால் கட்டி, குடை பிடித்து, மரியாதையாக நிற்கிற அந்த மனிதரிடமிருந்து “ஹூ ஹூ ஹூ” என்று சத்தம் வந்தது. கூடமே சிரித்தது. முதலாளிக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படத்த இப்படியே எடுத்துக்கலாம். இந்தச் சத்தத்த என்னக்கா பண்றது?” என்று கேட்டார்.

“பேச வையுங்க. அவருக்குத்தான் வாய் வந்துருச்சில்லீங்க.”

போட்டோவில் எல்லோரும் நின்றார்கள், வரிசையில் வந்தவர்கள் அத்தனை பேரும். அதுதான் அடிவாரத்தில் வைக்கப்பட்டது. சிலைக்குப் புதுப் பலகை எழுதுகிறவர் ‘கொல்லிமலைக்காரன்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தலைவருக்கு ர் போட்டிருக்கறீங்க, நடிகருக்கு ர் போட்டிருக்கறீங்க, இவருக்கு மட்டும் ஏன் ன் என்று கேட்டார். ஒரே ஒரு எழுத்து. அதற்கு அரைநாள் பேச வேண்டியிருந்தது. கடைசியில் கொல்லிமலைக்காரர் என்று எழுதி மாட்டினார்கள். மலையில் எத்தனையோ பலகைகள் இருக்கின்றன. அந்த ஒரு எழுத்தைப் போல நான் நின்று பார்த்தது வேறில்லை.

பொத்தானுக்குக் குரல் கொடுக்க என்னைப் பேசச் சொன்னார்கள். அக்காதான் பிடித்துத் தள்ளிவிட்டார். போட்டோக்காரர் போனை வாயருகே நீட்டினார். தினமும் மனசுக்குள் ஓடுகிறதையே சொன்னேன்.

“வாங்க. எல்லாரும் வந்தாச்சுங்களா, ஒருக்கா எண்ணிப் பாத்துக்குங்க. திரும்பிப் போறப்ப மெதுவாப் போங்க. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஆரன் அடிங்க. கொழந்தைங்கள ஜன்னலுக்கு வெளிய கைய நீட்ட வுடாதீங்க. மஞ்சு எறங்குனா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திருங்க, அவசரப்படாதீங்க. ஊடு போயிச் சேந்ததும் ஒரு போனு போட்டுச் சொல்லுங்க.”

நீளமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்றார் போட்டோக்காரர். ஒண்ணையும் வெட்டாதீங்க என்றார் அக்கா.

அந்த ஆடியில் முதல் நாள் கூட்டத்தில் ஆறு பையன்கள் வந்தார்கள். கல்லூரிப் பையன்கள், போன தடவை வந்து தொப்பி போட்டுக் கத்தியவர்கள். ஈட்டி எங்கே, தழை எங்கே என்று தேடினார்கள். ஒருவன் வாயில் கையை வைத்துத் தயாராக நின்றுகொண்டு பொத்தானை அழுத்தினான். என் குரல் பேச ஆரம்பித்தது. முதலில் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கை என்கிற இடத்தில் சிரிப்பு நின்றது. முழுவதும் கேட்டார்கள். முடிந்ததும் பொத்தானை அழுத்தியவன் சிலையைப் பார்த்து, “சரிங்க, சொல்றோம்” என்றான்.

அக்கா அப்போது பாடகிக்கு மோவாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

“எந்த நம்பருக்குன்னு கேக்காமப் போறீங்களே கண்ணு.”

அவன் திரும்பி வந்து நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் பஸ்ஸில் நான் அக்காவுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மழை தூறியது. அந்த ஆறு பேரும் எந்த வளைவில் போகிறார்களோ என்று என் மனசு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் போன் அடித்தது. அவருக்குக் காதோடு வைத்துப் பேசினால் கேட்காது, ஸ்பீக்கரில்தான் போடுவார். பஸ் முழுக்கக் கேட்டது.

“அக்கா, ஆறு பேரும் வந்து சேந்துட்டோம்க்கா.”

“செரி கண்ணு. தலையத் தொவட்டிட்டுச் சாப்புடுங்க.”

கண்டக்டர் டிக்கெட் கட்டையோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

“ஆருங்கக்கா?”

“நம்ம புள்ளைங்கதான்” என்றார் அக்கா. “கீழ இருக்குதுங்க.”